பாம்பே இல்லாத ஊரில் பாம்பை விரட்டிய கதை: அயர்லாந்து எப்படி மதம் மாறியது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஒரு நாடு முழுசா மதம் மாறின கதைன்னு எடுத்தா, பெரும்பாலும் மூணு காட்சியில ஒண்ணு கண்டிப்பா வரும். ஒரு பேரரசர் ஞானஸ்நானம் வாங்குவார். இல்லைன்னா ஒரு படை வந்து இறங்கும். இல்லைன்னா பழைய கோயில்கள் இடியும். இன்னைக்கு நாம பார்க்கப் போற நாட்டுல இந்த மூணுமே நடக்கல. ஆனாலும் சுமார் 200 வருஷத்துல அந்த நாட்டோட சாமிகள் மொத்தமா மாறிட்டாங்க.

அந்த நாடு அயர்லாந்து. மார்ச் 17 வந்தா செயின்ட் பேட்ரிக் தினம்னு பச்சை சட்டை போட்டுக்கிட்டு ஊர்வலம் போவாங்களே, அந்த பேட்ரிக்கோட நாடு. பிரபலமான கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பேட்ரிக் வந்தார், மலை மேல நின்னு தீவில் இருந்த பாம்பு எல்லாத்தையும் கடலுக்குள்ள விரட்டினார். மூணு இலை இருக்கிற ஷாம்ராக் செடியைக் காட்டி பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு விளக்கினார். ட்ரூயிட் பூசாரிகளை மந்திரப் போட்டியில ஜெயிச்சார். நாடே மாறிடுச்சு. ஒரே ஆள், ஒரே வாழ்நாள்.

இதுல சின்னதா ஒரு சிக்கல். அயர்லாந்தில் பனி யுகத்துக்குப் பிறகு பாம்பே கிடையாது. சொலினஸ்னு ஒரு ரோமானிய எழுத்தாளர், பேட்ரிக் பிறக்கிறதுக்கு முன்னாடியே, 3ஆம் நூற்றாண்டுலயே, அந்தத் தீவில் பாம்பு இல்லைன்னு எழுதி வெச்சிருக்கார். ஷாம்ராக் கதை எழுத்தில் வருவது 18ஆம் நூற்றாண்டில்தான். பேட்ரிக் தன் கையால எழுதின இரண்டு கடிதங்கள் இன்னும் இருக்கு. அந்த இரண்டிலும் பாம்பும் இல்ல, ஷாம்ராக்கும் இல்ல.

சரி, அப்போ உண்மையில என்னதான் நடந்துச்சு? எது மாறுச்சு, எது மாறல? இதுதான் இந்த எபிசோட்.

ரோம் வராத தீவு

முதல்ல பழைய அயர்லாந்து எப்படி இருந்ததுன்னு பார்த்துடலாம். 1ஆம் நூற்றாண்டில் பிரிட்டனை ஆண்ட ரோமானிய ஆளுநர் அக்ரிகோலா, ஒரு லீஜியனும் கொஞ்சம் துணைப்படையும் இருந்தா அயர்லாந்தைப் பிடிச்சுடலாம்னு சொல்வாராம். அவருடைய மருமகன் டாசிட்டஸ் இதை எழுதியிருக்கார். ஆனா அந்த லீஜியன் கடைசி வரைக்கும் வரல. பிரிட்டனில் ரோமானிய ரோடு வந்தது, ஊர் வந்தது, காசு வந்தது, வரி வந்தது. பக்கத்துல இருந்த அயர்லாந்தில் இது எதுவுமே இல்ல.

நகரமே கிடையாது. நாணயம் கிடையாது. ஒரே ராஜா கிடையாது. தூவத் என்று சொல்லப்பட்ட குட்டிக் குட்டி அரசுகள்தான், 100-லிருந்து 150 வரை இருந்திருக்கும்னு வரலாற்றாசிரியர்கள் கணக்கு போடுறாங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா. ராஜாவோட வேலை வெறும் சண்டை மட்டும் இல்ல. அவர் அந்த மண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். ராஜா நீதியா இருந்தா மாடு பால் கறக்கும், கதிர் விளையும். அவர் தவறினா பஞ்சம். இப்படித்தான் அவங்க நம்பிக்கை.

ராஜாவைச் சுற்றி மூணு வகை படிப்பாளிகள். சடங்கும் குறி சொல்றதும் ட்ரூயிட் கையில. வம்சாவளி, புகழ்ப்பாட்டு, வசைப்பாட்டு எல்லாம் ஃபிலி என்ற புலவர் கையில. சட்டம் பிரெஹன் என்ற நீதிமான் கையில. எழுத்துன்னு பார்த்தா கல்லோட ஓரத்துல கோடு கோடா வெட்டுற ஓகம் எழுத்து மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் இன்னாரோட மகன் இன்னார் என்ற அளவோட நின்னுடும். மத்ததெல்லாம் மனப்பாடம்.

இன்னொரு விஷயம், இதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. காசு இல்லாத நாட்டுல விலை எப்படி சொல்லுவாங்க? சின்ன கணக்குக்கு மாடு. பெரிய கணக்குக்கு குமல். குமல்னா அடிமைப் பெண். நிலத்தோட மதிப்பு இத்தனை குமல், கொலைக்கு அபராதம் இத்தனை குமல். நாம ரூபாய்ன்னு சொல்ற இடத்துல அவங்க ஒரு பெண்ணைச் சொன்னாங்க. இந்த வார்த்தைக்குக் கடைசில திரும்பி வருவோம்.

பேட்ரிக்குக்கு முன்னாடியே வந்தவங்க

நமக்குக் கிடைக்கிற முதல் உறுதியான தேதி 431. பிராஸ்பர் என்ற எழுத்தாளர் தன் வரலாற்றுக் குறிப்பில், அந்த வருஷம் போப் செலஸ்டின், பல்லாடியஸ் என்பவரை அயர்லாந்துக்கு முதல் பிஷப்பாக அனுப்பினார்னு பதிவு பண்றார். அதுல கவனிக்க வேண்டியது, அவரை அனுப்பினது ஏற்கெனவே கிறிஸ்துவை நம்புற அயர்லாந்துக்காரர்களுக்காக. அதாவது பிஷப் போறதுக்கு முன்னாடியே அங்கே விசுவாசிகள் இருக்காங்க.

யார் அவங்க? ஒரு பக்கம் வியாபாரம். இன்னொரு பக்கம், பிரிட்டனின் மேற்குக் கரையில போய்க் குடியேறின அயர்லாந்துக் குடும்பங்கள். வேல்ஸ் பகுதியில அவங்க விட்டுட்டு வந்த ஓகம் கற்கள் இன்னைக்கும் நிக்குது. மூணாவது, கொள்ளையடிச்சு பிடிச்சுக்கிட்டு வந்த அடிமைகள். ரோமின் பலம் பிரிட்டனில் குறையக் குறைய, அயர்லாந்துப் படகுகள் கடல் தாண்டிப் போய் ஆட்களைப் பிடிச்சுட்டு வந்தாங்க. பிடிபட்டவங்கள்ல நிறைய பேர் கிறிஸ்தவர்கள். அயர்லாந்தில் அந்த மதத்தின் முதல் ஆட்கள்ல ஒரு பகுதி, மாட்டுத்தொழுவத்துலயும் மாவு அரைக்கிற கல்லுக்குப் பக்கத்துலயும் இருந்த இந்த அடிமைகள்தான்.

இதுக்கு மொழியிலயும் ஒரு தடயம் இருக்கு. அந்தக் காலத்து ஐரிஷ் மொழியில 'ப' ஒலி கிடையாது. அதனால லத்தீன் வார்த்தை உள்ள வரும்போது 'ப' போய் 'க' ஆயிடும். ஈஸ்டருக்கு லத்தீனில் பாஸ்கா. ஐரிஷில் அது காஷ்க் ஆச்சு. பேட்ரிக்கியஸ் என்ற பெயருக்கே கோத்ரிகே என்று ஒரு பழைய வடிவம் இருக்கு. பிற்பாடு அந்த மொழியே 'ப' ஒலியைக் கத்துக்கிச்சு. அப்புறம் வந்த வார்த்தைகள் 'ப'வோடயே நின்னுடுச்சு. ஆக, 'க' ஆன வார்த்தைகள் எல்லாம் முதல் அலையில வந்தவைன்னு மொழியியலாளர்கள் சொல்ல முடியுது. மண்ணை அடுக்கடுக்கா தோண்டிப் பார்க்கிற மாதிரி, வார்த்தையை அடுக்கடுக்கா பார்க்கலாம்.

ஓடிப்போன அடிமை திரும்பி வந்தார்

இப்போ பேட்ரிக். அவர் அயர்லாந்துக்காரரே இல்ல. ரோமானிய பிரிட்டனில் ஓரளவு வசதியான குடும்பம். அப்பா டீக்கன், தாத்தா பாதிரியார். சுமார் 16 வயசுல அயர்லாந்துக் கொள்ளைக்காரங்க பிடிச்சுட்டுப் போயிடுறாங்க. ஆறு வருஷம் அடிமையா மந்தை மேய்ச்சார். பிறகு தப்பிச்சு, சுமார் 200 மைல் நடந்து, ஒரு கப்பலைப் பிடிச்சு ஊர் போய்ச் சேர்ந்தார்.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நமக்கு அவர் பெயரே தெரிஞ்சிருக்காது. பல வருஷம் கழிச்சு, ஒரு கனவில் அயர்லாந்து மக்கள் தன்னைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிடுறதைக் கேட்டதா எழுதறார். பிஷப் ஆகி, தன்னை அடிமையாக்கின அதே நாட்டுக்குத் திரும்பிப் போறார். இதுக்கு பக்தியைத் தாண்டி ஒரு நடைமுறை காரணமும் சேர்ந்துக்குது. அந்த மொழி அவருக்குத் தெரியும். அந்த ஊர் எப்படி இயங்கும்னு கீழ் மட்டத்துல இருந்து பார்த்தவர்.

போனதும் அவருக்கு இருந்த முதல் பிரச்சினை சாமி இல்ல, சட்டம். அந்தக் கால அயர்லாந்தில் உன் சொந்த தூவத்தைத் தாண்டினா உனக்கு உரிமை கிடையாது. கடல் தாண்டி வந்த ஆளுக்கு அவங்க சட்டத்துல இருக்கிற பேரே சாம்பல் நிற ஓநாய். அவனுக்குன்னு சொந்தமா ஒரு மதிப்பு கிடையாது. அடிச்சுப் போட்டாலும் கேட்க நாதி இல்ல. அப்படி இருந்தா பேட்ரிக் எப்படி ஊர் ஊரா போனார்?

பணம் கொடுத்தார். இதை அவரே வெளிப்படையா எழுதறார். ராஜாக்களுக்குப் பரிசு கொடுத்தேன், என்னோட கூட வந்த ராஜகுமாரர்களுக்குக் கூலி கொடுத்தேன்னு. ராஜகுமாரன் கூட வந்தா அது ஒரு நடமாடும் பாஸ்போர்ட். அதையும் மீறி ஒரு தடவை பிடிச்சு விலங்கு போட்டு 14 நாள் வெச்சிருந்தாங்க. தான் போய் வந்த பகுதிகள்ல நீதி சொல்றவங்களுக்கு மொத்தம் எவ்வளவு கொடுத்தேன்னும் ஒரு கணக்கு சொல்றார். எந்த அளவில் சொல்றார் தெரியுமா? 15 ஆட்களின் விலை.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்துல தானே விற்கப்பட்ட ஆள். அவருக்கும் பெரிய தொகையைச் சொல்ல மனுஷ விலை தவிர வேற அளவு கிடைக்கல.

ஆனா அதே கடிதத்துல, அந்தக் காலத்து எழுத்தில் அபூர்வமான ஒரு இடமும் இருக்கு. புது மதத்துக்கு வந்த பெண்களைப் பற்றிப் பேசுறார். வீட்டுல அப்பா அம்மாவே கொடுமை பண்றாங்கன்னு சொல்லிட்டு, எல்லாரையும் விட அதிகமா கஷ்டப்படுறவங்க அடிமைப் பெண்கள்தான், மிரட்டலையும் பயத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கிறாங்கன்னு எழுதறார். வேறு பிஷப்புகள் எழுத்தில் இவங்க கண்ணுலயே பட்டிருக்க மாட்டாங்க.

இரண்டாவது கடிதம் இன்னும் சூடானது. பிரிட்டன் பக்கத்துல கொரோட்டிகஸ்னு ஒரு தலைவன். பெயருக்குக் கிறிஸ்தவன். அவனோட வீரர்கள் வந்து, பேட்ரிக் ஞானஸ்நானம் கொடுத்து ஒரு நாள்கூட ஆகாதவங்களை, நெற்றியில பூசின தைலத்தோட வாசனை போறதுக்குள்ள, வெட்டிப் போட்டாங்க. மிச்சம் இருந்தவங்களைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. விட்டுடுங்கன்னு கேட்டு பேட்ரிக் ஒரு பாதிரியார் கையில கடிதம் அனுப்பினார். அவங்க சிரிச்சாங்க. அதுக்குப் பிறகு எழுதினதுதான் இப்போ நம்ம கையில இருக்கிற கடிதம். கால் நாட்டுல கிறிஸ்தவங்க ஆயிரக்கணக்கான பொற்காசு கொடுத்து அடிமைகளை மீட்கிறாங்க, நீங்க கிறிஸ்தவங்களா இருந்துகிட்டு கிறிஸ்தவங்களையே விக்கிறீங்களேன்னு கேட்கிறார். இவங்களோட உட்கார்ந்து யாரும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்றார். அன்னைக்கு அயர்லாந்துக் கிறிஸ்தவர்களுக்கு எதிரா வாளைத் தூக்கினது ட்ரூயிட் இல்ல, பக்கத்து நாட்டுக் கிறிஸ்தவன்.

கடைசி டாரா விருந்து

பேட்ரிக் ஆயிரக்கணக்கானவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததா சொல்றார். அதனால அவர் காலத்துலயே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சா தப்பு. அந்தக் காலத்து சர்ச் விதித் தொகுப்பு ஒன்று இருக்கு. ஒரு கிறிஸ்தவர் ட்ரூயிட் முன்னாடி போய் சத்தியம் பண்ணினா என்ன தண்டனைன்னு அதுல விதி. பேகன்கள், அதாவது பழைய சாமிகளைக் கும்பிடுறவங்க, கொடுக்கிற காணிக்கையை வாங்கக் கூடாதுன்னு இன்னொரு விதி. ஒரு விஷயத்துக்குத் தடை போடுறாங்கன்னா, அது தினமும் நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். பழைய சாமி கும்பிடுறவரும் புது சாமி கும்பிடுறவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. மாட்டு வழக்குன்னு வந்தா இரண்டு பேருக்கும் ஒரே நீதிமான்.

இதுக்கு நல்ல உதாரணம் டியர்மெட் மக் கெர்பெய்ல் என்ற ராஜா. டாரா என்பது பழைய அரசப் புனித மேடு. ராஜா அந்த மண்ணோட மணமுடிக்கிற சடங்கு விருந்து அங்கேதான் நடக்கும். அந்த விருந்தை டியர்மெட் நடத்தியதா ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் 560-ஐ ஒட்டிப் பதிவு பண்ணுது. அதுதான் கடைசி. பல்லாடியஸ் வந்து 130 வருஷம் ஆச்சு, டாராவில் இன்னும் மண்ணோட கல்யாணம் நடக்குது. 561-ல் அவர் போட்ட ஒரு சண்டையில, அவர் பக்கத்துக்கு ஒரு ஆள் ட்ரூயிட் மந்திர வேலி போட்டதா அதே குறிப்புகள் சொல்லுது.

அப்போ இவர் பழைய மதத்துக்காரர்னு முத்திரை குத்திடலாமா? முடியாது. குளோன்மக்னாய்ஸ் என்ற புகழ்பெற்ற மடத்தைத் தொடங்க உதவினதும் இதே டியர்மெட்தான்னு மரபு சொல்லுது. சுமார் 140 வருஷம் கழிச்சு அயோனா மடத் தலைவர் அடோம்னான் இவரைப் பற்றி எழுதும்போது, கடவுளே நியமிச்ச அயர்லாந்து ராஜான்னு எழுதறார். மந்திர வேலி, மண் கல்யாணம், மடத்துக்கு உதவி எல்லாம் ஒரே ஆள். அவருக்கு அதுல முரண்பாடே தெரிஞ்சிருக்காது. ராஜாவோட வேலை எல்லா சாமியையும் தன் பக்கம் வெச்சுக்கிறது.

ஒரே ராஜா, இரண்டு லாக்

அப்படின்னா அந்த மந்திரப் போட்டிக் கதை எங்கிருந்து வந்தது? முர்ஹூ என்ற எழுத்தாளர்கிட்ட இருந்து. அவர் எழுதினது 7ஆம் நூற்றாண்டின் கடைசியில, அதாவது பேட்ரிக்குக்கு சுமார் 200 வருஷம் கழிச்சு. ஸ்லேன் மேட்டுல பேட்ரிக் ஈஸ்டர் நெருப்பு ஏத்துறார், டாராவுல லோய்கரே ராஜா கோபப்படுறார், ட்ரூயிட் காத்துல தூக்கி எறியப்பட்டு பாறையில மோதி சாகிறார். பைபிள்ல வர்ற நேபுகாத்நேச்சார் ராஜா மாதிரியே லோய்கரேயைக் காட்டுறார். கடைசியில ராஜா பயந்து போய் மதம் மாறுறார்.

அதே காலத்துல தீரெஹான் என்று இன்னொருத்தரும் பேட்ரிக் கதையை எழுதறார். அவர் எழுத்தில் லோய்கரே மாறவே இல்ல. எங்க அப்பா என்னை நம்ப விடல, நான் ஆயுதத்தோட, எதிரி நாட்டைப் பார்த்த மாதிரி டாரா மேட்டுலதான் புதைக்கப்படணும்னு சொல்லிடுறார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு லாக், இரண்டும் எதிரெதிர். நம்ம தொழில்ல இப்படி வந்தா முதல்ல கேட்கிற கேள்வி, இந்த லாக்கை எழுதினது எந்த சிஸ்டம், எதுக்காகன்னு. 7ஆம் நூற்றாண்டில் ஆர்மா மடம், நாங்கதான் பேட்ரிக்கோட வாரிசு, அயர்லாந்து சர்ச்சுகளுக்கெல்லாம் நாங்கதான் தலைமைன்னு நிலைநாட்டப் பார்த்துட்டு இருந்தது. தலைமை கேட்கணும்னா, நாட்டையே ஒரே நாள்ல ஜெயிச்ச ஒரு ஹீரோ வேணும். பேட்ரிக் தன் கடிதத்துல காட்டுற ஆளோ, லஞ்சம் மாதிரி காசு கொடுத்து, விலங்கு மாட்டி, கேலி பண்ணப்பட்ட ஆள். அவரை வெச்சு தலைமை கேட்க முடியாது.

ட்ரூயிட் போனார், புலவர் தங்கினார்

இப்போ முக்கியமான கேள்வி. படை இல்லாம எப்படி மாறுச்சு? என் பதில், புது மதம் பழைய சமூகத்தோட அமைப்புக்குள்ள போய் உட்கார்ந்துச்சு.

ரோமானிய உலகத்துல பிஷப்னா நகரத்துல உட்காருவார். அயர்லாந்தில் நகரமே இல்ல. இருந்தது குலமும் நிலமும். அதனால அங்கே மடங்கள் பெருசா வளர்ந்தது. ஒரு அரச குடும்பம் நிலம் கொடுக்கும், அந்தக் குடும்பத்து ஆளே மடத் தலைவர் ஆவார். 563-ல் அயோனா மடத்தைத் தொடங்கின கொலம்பா வடக்கு அயர்லாந்தின் அரச வம்சத்துக்காரர். அவருக்குப் பின்னாடி வந்த தலைவர்கள்ல பெரும்பாலானவங்க அவரோட சொந்தக்காரங்க. ராஜாவாக முடியாத தம்பிக்கு இப்போ இன்னொரு சிம்மாசனம் கிடைச்சுது.

படிப்பாளிகள் மூணு பேருக்கும் மூணு விதமான முடிவு. நீதிமான்கள் சர்ச்சோட சேர்ந்து சட்டத்தை எழுத்துல கொண்டு வந்தாங்க. பழைய சட்டத்தை பேட்ரிக்கே ஒரு புலவரோட உட்கார்ந்து கேட்டு, விசுவாசத்துக்கு முரணா இருந்ததை மட்டும் நீக்கினார்னு பின்னாடி ஒரு கதையும் சேர்த்துக்கிட்டாங்க. புலவர்கள் சர்ச்சில் இருக்கிற ஏழு படிநிலை மாதிரியே தங்களுக்கும் ஏழு படிநிலை வகுத்துக்கிட்டு மரியாதையோட தங்கிட்டாங்க. ட்ரூயிட்டுக்கு மட்டும் இடம் இல்ல, ஏன்னா அவர் வேலையும் பாதிரியார் வேலையும் ஒண்ணு. ஆனா அவரைக் கொல்லல. சட்டப் புத்தகத்துல கீழ இறக்கினாங்க. ஒரு ட்ரூயிட் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், காயம் பட்டா அவருக்குக் கிடைக்க வேண்டிய பராமரிப்பு ஒரு சாதாரண விவசாயி அளவுதான்னு ஒரு சட்டம் சொல்லுது. வசைபாடியும் வழிப்பறிக்காரனும் அவரோட அதே வரிசையில. ஒரு வர்க்கம் முடிஞ்சு போறதை இப்படி ஒரு மருத்துவச் செலவு விதியில பார்க்கிறோம்.

மதத்துக்காக ரத்தம் சிந்தினவங்க இல்லாதது ஐரிஷ் துறவிகளுக்கே உறுத்தலா இருந்தது. அதனால வீட்டை விட்டு, நாட்டை விட்டுப் போறதும் ஒரு வகை உயிர்த்தியாகம்தான், அது வெள்ளைத் தியாகம்னு வகுத்துக்கிட்டாங்க. கொலம்பானஸ் மாதிரி ஆட்கள் ஐரோப்பா முழுக்கப் போய் மடம் கட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்த ஜெரால்ட் என்ற பாதிரியார், உங்க நாட்டுல ஒரு ரத்த சாட்சிகூட இல்லையேன்னு குத்திக் காட்டினாராம். அதுக்கு காஷெல் ஆர்ச்பிஷப் சொன்னார்: எங்க ஜனங்க சாமியாருங்க மேல கை வைக்க மாட்டாங்க, ஆனா இப்போ அதுல தேர்ச்சி பெற்ற ஒரு ஜனம் எங்க நாட்டுக்கு வந்துடுச்சு, இனிமே எங்களுக்கும் கிடைப்பாங்கன்னு. இங்கிலாந்தில் தாமஸ் பெக்கெட் கொலை அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் நடந்திருந்தது.

பழைய கதைகள் யார் கையில இருக்கு?

ட்ரூயிட்கள் எதையும் எழுதி வைக்கல. அதனால பழைய சாமிகளைப் பற்றி நமக்குத் தெரிஞ்ச கதைகள் எல்லாம் துறவிகள் எழுதினது. கில்டேரில் பிரிஜிட் என்ற புனிதை. அதே பெயர்ல, புலவர்கள் வணங்கின ஒரு பெண் தெய்வமும் இருந்ததா 900-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு சொல்லகராதி சொல்லுது. புனிதையின் திருநாள் பிப்ரவரி 1. பழைய வசந்த கால விழா இம்போல்க்கும் அன்னைக்குத்தான். தெய்வம் புனிதையா மாறினாங்களா, புனிதை மேல தெய்வத்தோட கதை ஏறுச்சான்னு ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் 12ஆம் நூற்றாண்டு லெய்ன்ஸ்டர் சுவடியில இருக்கு. ஒரு எழுத்தர் பழைய பெரிய மாட்டுக் கொள்ளைக் கதையை முழுசா பிரதி எடுக்கிறார். முடிவுல ஐரிஷ் மொழியில, இதை இப்படியே மாத்தாம மனப்பாடம் பண்றவங்களுக்கு ஆசி உண்டாகட்டும்னு ஒரு குறிப்பு. அதுக்குக் கீழேயே லத்தீனில் இன்னொரு குறிப்பு. இதுல இருக்கிற பல விஷயங்களை நான் நம்பல, சிலது பேயோட ஏமாத்து வேலை, சிலது புலவரோட கற்பனை, சிலது முட்டாள்கள் ரசிக்கிறதுக்கானது என்ற அர்த்தத்துல. ஐரிஷில் காப்பாத்துறார், லத்தீனில் கைகழுவுறார். இப்படி இரண்டு மனசோட எழுதின ஆட்கள் இல்லைன்னா நமக்கு எதுவுமே கிடைச்சிருக்காது.

குமல் என்ற வார்த்தை

இப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த வார்த்தைக்கு வருவோம். மதம் மாறினது, சரி. கீழ இருந்தவங்களுக்கு என்ன மாறுச்சு?

ஒன்று மாறுச்சு. 697-ல் பிர் என்ற இடத்துல, நான் முன்னாடி சொன்ன அடோம்னான் ஒரு சட்டம் கொண்டு வர்றார். போர்ல பெண்கள், குழந்தைகள், துறவிகள் மேல கை வைக்கக் கூடாது. ராஜாக்களும் சர்ச் தலைவர்களுமா 91 பேர் அதுக்கு ஜாமீன் நின்னாங்க. 7ஆம் நூற்றாண்டுல இப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே பெரிய விஷயம். ஒரு பெண்ணைக் கொன்னா, கொலைகாரனுக்கு கை கால் வெட்டி மரண தண்டனை. அதுக்கு மேல அவன் குடும்பம் அபராதம் கட்டணும். எவ்வளவு? ஏழு குமல்.

பெண்களைக் காப்பாத்துற சட்டத்துலயே அபராதம் அடிமைப் பெண் கணக்குல. அப்போ குமல்னா நடைமுறையில பெரும்பாலும் மூணு கறவைப் பசுன்னு ஆகிடுச்சு, நிஜமா ஒரு பெண்ணைக் கொண்டு போய் நிறுத்தணும்னு அவசியம் இல்ல. நம்ம வேலையில இது சாதாரணம். ஸ்க்ரீன் எல்லாம் புதுசா மாத்திடுவோம். பத்து வருஷம் கழிச்சும் டேட்டாபேஸ்ல ஒரு பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். அது அங்கே ஏன் வந்ததுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா அயர்லாந்தில் அது வெறும் பெயரா மட்டும் இருக்கல. அடிமை வியாபாரம் நிஜமாவே நடந்துட்டே இருந்தது. வைக்கிங்குகள் வந்த பிறகு டப்ளின் அடிமைச் சந்தையாவே பெயர் வாங்குச்சு.

கடைசியா 1170. நார்மன் படைகள் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. பயந்து போன சர்ச் தலைவர்கள் ஒரு சபை கூட்டறாங்க. நமக்கு ஏன் இந்தக் கஷ்டம்? நாம வியாபாரிகள் கிட்டயும் கடல் கொள்ளைக்காரங்க கிட்டயும் இங்கிலாந்துக்காரர்களை விலைக்கு வாங்கி அடிமையா வெச்சிருந்தோமே, அதுக்குத்தான் கடவுள் தண்டிக்கிறார்னு முடிவு பண்றாங்க. நாடு முழுக்க இருக்கிற இங்கிலாந்து அடிமைகளை விடுதலை பண்ணணும்னு தீர்மானம் போடுறாங்க. ஜெரால்ட்தான் இதை எழுதி வெச்சிருக்கார். சபை கூடின இடம் ஆர்மா. பேட்ரிக்கோட வாரிசுன்னு சொல்லிக்கிட்ட அதே ஆர்மா.

பிரிட்டனிலிருந்து கடத்தி வரப்பட்ட ஒரு பையன், அடிமைப் பெண்கள்தான் அதிகம் கஷ்டப்படுறாங்கன்னு எழுதி, அதுக்கு சுமார் 700 வருஷம் கழிச்சு. இடையில அவருக்கு எத்தனை சர்ச் கட்டினாங்க, எத்தனை கதை எழுதினாங்க, எத்தனை பாம்பை விரட்ட வெச்சாங்க. சாமியை மாத்த 200 வருஷம் போதுமா இருந்தது. அவர் கடிதத்துல இருந்த அந்த ஒரு விஷயத்தைக் கேட்க, வாசல்ல ஒரு படை வந்து நிக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை யாராவது உங்ககிட்ட பேட்ரிக் பாம்பை விரட்டின கதையைச் சொன்னா, கேட்டுட்டு, அவர் எழுதின இரண்டு கடிதத்தையும் படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டும் சேர்த்தே ஒரு மணி நேரத்துல படிச்சுடலாம். நீங்களும் படிச்சுட்டு என்ன தோணுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.